பூட்டுத் தொழிலாளியின் மகன் கண்ட கணக்கு

வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கத்தின் நிருவாகிகள் என்னைப் பணித்தபொழுது, வரலாறு பயின்றவன் என்ற முறையில் ஏதேனும் ஓர் அரசனைப் பற்றியோ ஒரு போரைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பர். நான் எழுத விரும்புவது வேறொன்று. எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாமல் இருந்த ஈராண்டுகள் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் பாடத்தையும் நானே எடுக்க நேர்ந்தது. அப்பொழுது கரும்பலகையில் நாள்தோறும் எழுதிய ஒரு வரி என்னை விடாது பற்றிக்கொண்டது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் கிடைப்பது மின்திறன். ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்; அவ்வளவே. மாணவர்கள் இதனை மனப்பாடமாகச் சொல்வார்கள். 230 வோல்ட், 5 ஆம்பியர் என்று கொடுத்தால், 46 ஓம் என்றும் 1,150 வாட் என்றும் நொடியில் விடை எழுதுவார்கள். எதனை எதனால் வகுத்தோம் என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும்.

அந்த அமைதிக்கு மாணவர்களைக் குறைகூறுவதற்கில்லை. இவ்விரு கணக்குகளும் எளியனவாகத் தோன்றுவது நமக்குத்தான். ஐரோப்பாவின் பேரறிஞர்கள் கால் நூற்றாண்டு காலம் மின்சாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே இவற்றைக் காணாதிருந்தனர். கண்டு சொன்னவர், பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த பள்ளி ஆசிரியர். அவர் கண்ட வழியையே இளைஞர்கள் அறிய வேண்டும் என்பது என் அவா.

இத்தாலிய அறிஞர் வோல்டா 1800ஆம் ஆண்டில் தம் மின்கலத்தை உலகுக்கு அறிவித்தார். துத்தநாகத் தகடும் வெள்ளித் தகடும் உப்புநீரில் நனைத்த அட்டையுமாக மாறிமாறி அடுக்கினால் தொடர்ந்து மின்னோட்டம் கிடைத்தது. அதற்கு முன்னர் மின்சாரம் என்பது ஒரு நொடியில் பொறியாகப் பறந்து மறைந்துவிடும் வேடிக்கைப் பொருள். 1820இல் டென்மார்க்கின் ஓயர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதைக் கண்டார். இதனால் ஓட்டத்தின் வலிமையை ஊசியின் அசைவைக்கொண்டு மதிப்பிட ஒரு வழி பிறந்தது. ஆயினும் அன்று வோல்ட்மீட்டர் இல்லை, அம்மீட்டர் இல்லை. வோல்ட், ஆம்பியர், ஓம் என்ற சொற்களே இல்லை. மின்கலத்தின் உந்துதல் வேறு, கம்பியில் ஓடும் ஓட்டம் வேறு என்ற தெளிவுகூடப் பலரிடம் இல்லை. இங்கிலாந்தின் பார்லோ என்பவர் நீண்ட கம்பிகளில் சோதனை செய்து, கம்பியின் நீளம் கூடக்கூட ஓட்டம் அந்நீளத்தின் வர்க்கமூலத்திற்கேற்பக் குறைகிறது என்று 1825இல் முடிவு கூறினார். அது பிழையான முடிவு. அதனை நம்பி, மின்சாரத்தால் தொலைதூரம் செய்தி அனுப்புதல் ஆகாத செயல் என்றும் அவர் கருதிவிட்டார்.

இந்நிலையில்தான் ஜார்ஜ் சைமன் ஓம் வருகிறார்.

செருமனியின் எர்லாங்கன் நகரில் 1789ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை யோகான் வோல்ஃப்காங் ஓம் பூட்டுத் தொழிலாளி. தாய் ஒரு தையற்காரரின் மகள். பிறந்த ஏழு குழந்தைகளுள் மூன்றே தப்பிப் பிழைத்தன. ஜார்ஜுக்குப் பத்து வயதானபொழுது தாயும் மறைந்தார். தந்தை முறையாகப் பள்ளிக் கல்வி பெற்றவரல்லர். பட்டறை வேலைக்கிடையே தாமே கணிதமும் இயற்பியலும் கற்றுத் தேர்ந்து, தம் இரு புதல்வர்களுக்கும் வீட்டிலேயே அவற்றைப் புகட்டினார். ஊரிலிருந்த உயர்பள்ளி கற்பித்த அறிவியலைவிடப் பட்டறைக்காரத் தந்தை கற்பித்தது மிகுதி. இளையவர் மார்ட்டினும் பின்னாளில் பெயர்பெற்ற கணிதப் பேராசிரியரானார். தந்தை கொடுத்த இன்னொரு கொடை கைத்திறன். அரத்தையும் சுத்தியையும் பிடிக்கப் பழகிய கை, பின்னர் எந்தக் கருவியையும் தானே செய்துகொண்டது. இதன் பயனைச் சிறிது நேரத்தில் காண்போம்.

அவருடைய இளமை நேர்வழியே சென்ற இளமை அன்று. இதனை மறைத்து அவரை முனிவராக்கிக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. 1805இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர் நடனத்திலும், பனிச்சறுக்கிலும், பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் பொழுதைப் போக்கினார். தமக்குக் கிடைக்காத வாய்ப்பை மகன் வீணாக்குகிறானே என்று தந்தை சினந்தார். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. மகன் சுவிட்சர்லாந்துக்குச் சென்று ஒரு பள்ளியில் கணித ஆசிரியரானார். ஓய்வு நேரத்தில் கணித நூல்களைத் தாமே பயின்றார். 1811இல் எர்லாங்கனுக்குத் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார். அங்கே கணித விரிவுரையாளர் வேலை கிடைத்ததாயினும், அதன் வருவாய் வாழ்க்கைக்குப் போதவில்லை. ஒன்றரை ஆண்டில் அதனை விட்டார். பின்னர் பாம்பெர்க் நகரில் ஒரு பள்ளி. அதுவும் 1816இல் மூடப்பட்டது. 1817இல் வடிவியல் பற்றி ஒரு பாடநூல் எழுதி அதனைப் பிரஷ்ய மன்னருக்கு அனுப்பினார். அவ்வாண்டே கொலோன் நகரின் உயர்நிலைப்பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி அவருக்கு வாய்த்தது. முன்னாளில் இயேசு சபையார் நடத்திய பள்ளி அது. அங்கே நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் ஓம் அதனுள்ளேயே இருந்தார்.

1825இல் அவர் தம் முதல் ஆய்வுரையை வெளியிட்டார். அது தவறானது. கம்பியின் நீளத்திற்கேற்ப மின்னோட்டத்தின் விசை குறைவதை மடக்கைக் கணக்கால் விளக்கும் ஒரு சூத்திரத்தை அவர் அதில் தந்திருந்தார். பிழைக்குக் காரணம் அவருடைய மின்கலம். அந்நாளைய வோல்டா அடுக்கு, சுற்றை மூடியவுடன் வீறுகொண்டு எழும். சிறிது நேரத்தில் சோர்ந்துவிடும். அளக்கும் கோலே நீண்டும் குறுகியும் கொண்டிருந்தால் அளவு எங்ஙனம் சரியாகும்? அச்சேறிய உரையில் பிழை உள்ளது என்பதை ஓம் விரைவில் உணர்ந்தார். உணர்ந்ததும் அதனை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அச்சிட்ட சொல்லை மீட்டுக்கொள்வது எவர்க்கும் கடினம். பெயரும் பதவியும் இல்லாத ஒரு பள்ளி ஆசிரியருக்கு அது எத்துணைக் கடினமாயிருந்திருக்கும் என்பதை நான் நன்கு உணர்வேன்.

ஆய்விதழின் ஆசிரியர் போகன்டார்ஃப் அவருக்கு ஒரு யோசனை கூறினார். 1821இல் சீபெக் என்பார், இரு வேறு உலோகங்களை இணைத்து ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் எழுவதைக் கண்டிருந்தார். அதனைப் பயன்படுத்தலாமே என்பது யோசனை. ஓம் ஒரு பிஸ்மத் சட்டத்தின் இரு முனைகளிலும் செம்புப் பட்டைகளைப் பொருத்தினார். ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறுமுனையை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரின் வெப்பமும் பனிக்கட்டியின் குளிர்ச்சியும் மாறாதவை. எனவே மின் உந்துதலும் மாறவில்லை. மேலே தட்டையாக்கிய மெல்லிய தங்கக் கம்பியில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டார். மின்னோட்டம் ஊசியை விலக்கும். தங்கக் கம்பியின் தலைப்பை முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு முறுக்க நேர்ந்ததோ அதுவே ஓட்டத்தின் அளவு. கருவியின் நுட்பமான பகுதிகள் யாவும், பூட்டுப் பட்டறையில் பழகிய கை செய்தவை.

ஒரே தடிப்புள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் நீளம் முறையே 2, 4, 6, 10, 18, 34, 66, 130 பிரெஞ்சு அங்குலம். 1826ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் அவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்தபொழுது கருவி காட்டிய அளவுகள் இவை: 326¾, 300¾, 277¾, 238¼, 190¾, 134½, 83¼, 48½.

இளைஞர்கள் இவ்விடத்தில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். கம்பியின் நீளம் 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலமாக, அதாவது 65 மடங்காகிவிட்டது. ஓட்டமும் 65 மடங்கு குறைந்திருக்க வேண்டுமல்லவா? ஆனால் 326¾, 48½ ஆகியிருக்கிறது. ஏறத்தாழ ஏழு மடங்குகூடக் குறையவில்லை. ஓமுக்கு முன்னிருந்தோர் இடறிவிழுந்த இடம் இதுவே. ஓம் ஓர் உண்மையை நினைவில் கொண்டார். மின்சாரம் நாம் இணைத்த கம்பியினூடே மட்டும் ஓடவில்லை. அது பிறக்கும் கருவியின் உள்ளேயும் ஓடியாக வேண்டும். அக்கருவியும் ஓட்டத்தைத் தடுக்கும். அந்த உட்தடை 20¼ அங்குலச் செம்புக் கம்பிக்குச் சமம் என்று கொண்டு பாருங்கள். கம்பியின் நீளத்தோடு 20¼ஐக் கூட்டி, அக்கூட்டுத்தொகையால் 7,285ஐ வகுக்க வேண்டும்.

2 அங்குலக் கம்பிக்கு 7,285ஐ 22¼ஆல் வகுத்தால் 327½க்குச் சற்றுக் குறைவு. கருவி காட்டியது 326¾. 18 அங்குலத்திற்கு 38¼ஆல் வகுக்க 190½. கருவி காட்டியது 190¾. 130 அங்குலத்திற்கு 150¼ஆல் வகுக்க 48½; கருவி காட்டியதும் 48½. எல்லா இடத்தும் இவ்வளவு நெருக்கம் இல்லை. 10 அங்குலத்தில் கணக்கு ஏறக்குறைய 240¾ என்கிறது, கருவி 238¼ என்கிறது. ஓம் அந்த எண்ணைத் திருத்தி அழகுபடுத்தாமல் உள்ளவாறே வெளியிட்டார். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் விடையை முதலில் எழுதிக்கொண்டு அளவுகளைப் பின்னர் நிரப்பும் நம் மாணவர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

பின்னர் அவர் கொதிநீரை நீக்கிவிட்டு, அறையின் வெப்பத்திற்கும் பனிக்கட்டிக்கும் உள்ள சிறு வேறுபாட்டைக்கொண்டே சோதனையை மீண்டும் செய்தார். 7,285 என்ற மேல் எண் வெகுவாகக் குறைந்தது. 20¼ என்ற எண் மாறவேயில்லை. மேல் எண் உந்துதலைக் குறிக்கிறது, கீழ் எண் தடையைக் குறிக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. இன்று நாம் முன்னதை மின்னியக்கு விசை என்கிறோம். பின்னதை அகமின்தடையும் புறமின்தடையும் சேர்ந்த மொத்தத் தடை என்கிறோம். மின்னோட்டம் என்பது உந்துதலைத் தடையால் வகுத்த ஈவு. பள்ளிப் புத்தகத்தின் அந்த ஒரு வரி பிறந்த கதை இதுவே.

சோதனையோடு அவர் அமையவில்லை. அரைச் சம்பளத்தில் விடுப்பெடுத்துக்கொண்டு, தம்பி வாழ்ந்த பெர்லின் நகருக்குச் சென்று நூல் ஒன்று எழுதினார். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குப் பாய்வதைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே கணிதத்தால் விளக்கியிருந்தார்; அதே முறையில் மின்சாரத்தின் பாய்ச்சலை ஓம் விளக்கினார். மின்சுற்றைக் கணிதமுறையில் ஆராயும் அந்நூல் 1827இல் வெளிவந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார், கிடைக்கவில்லை. அன்றைய செருமனியின் கற்றறிந்தோர் பலருக்கு இயற்கையைத் தத்துவச் சொற்களால் விளக்குவதே உயர்ந்த அறிவியலாகத் தோன்றியது. எண்ணும் கணக்கும் கீழ்ப்பட்டவை. நூல் ஏளனத்துக்கும் எதிர்ப்புக்கும் உள்ளாயிற்று. அதன் கணிதமும் எளிதில் விளங்கும்படி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மனம் நொந்த ஓம் 1828இல் கொலோன் பணியைத் துறந்தார். பெர்லினில் இராணுவப் பள்ளியில் வாரத்திற்குச் சில மணி நேரம் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சொற்ப வருவாயில் காலம் தள்ளினார். 1833இல்தான் நியூரம்பர்க் தொழிற்கல்விக் கூடத்தில் நிலையான வேலை கிடைத்தது.

அவருடைய விதி மட்டும் ஓய்ந்திருக்கவில்லை. செருமனியில் ஃபெக்னரும், உருசியாவில் லென்சும், பிரான்சில் பூய்யேயும் சோதித்து உண்மை கண்டனர். 1841இல் இலண்டன் ராயல் கழகம் தன் உயரிய காப்ளி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. அதன் பின்னரே சொந்த நாடு விழித்துக்கொண்டது. மியூனிச் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் இருக்கை 1852இல் அவரை வந்தடைந்தபொழுது அவருக்கு வயது அறுபத்து மூன்று. 1854 சூலை 6ஆம் நாள் காலமானார். வாழ்நாளெல்லாம் விரும்பிய பதவியில் அவர் இருந்தது இரண்டே ஆண்டுகள்.

இங்கே இன்னொருவரைப் பற்றியும் சொல்லிச் செல்ல வேண்டும். ஓம் பிறப்பதற்கு எட்டாண்டுகள் முன்பே, 1781இல், இங்கிலாந்தின் என்றி காவெண்டிஷ் இவ்வுண்மையை நெருங்கிக் கண்டுவிட்டார். பிரபு குலத்தவர், பெருஞ்செல்வர். உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களின் வழியே மின்சாரத்தைத் தம் உடம்பில் பாய்ச்சி, அதிர்ச்சி எத்துணை வலுவாக இருக்கிறது என்று உணர்ந்து ஒப்பிட்டார். அவர் உடம்பே அவருடைய அம்மீட்டர்! ஆனால் கண்டதை அச்சிடவில்லை. 1810இல் அவர் இறந்தார். குறிப்பேடுகள் பெட்டிக்குள் கிடந்தன. அவற்றை மாக்ஸ்வெல் தேடியெடுத்துப் பதிப்பித்தது 1879இல். தேவை எதுவுமில்லாத செல்வர் கண்டதைப் பூட்டி வைத்தார். நாளைய வேலைக்கு உறுதியில்லாத பூட்டுத் தொழிலாளியின் மகன் ஏளனத்துக்கு அஞ்சாமல் திறந்து வைத்தார்.

இனி, பெருக்கற் கணக்கு. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் மின்திறன் என்கிறோமே, அதன் வேர் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் ஒரு மதுவடிப்பாலையில் இருக்கிறது. அதன் உரிமையாளரின் மகன் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். பல்கலைக்கழகம் சென்றவரல்லர், இளமையில் கொஞ்ச காலம், நெசவாளி மகனாகப் பிறந்து அணுக்கொள்கை கண்ட டால்டனிடம் பாடம் கேட்டவர். ஆலையின் நீராவி எந்திரத்திற்குப் பதிலாக மின் எந்திரத்தை வைத்தால் செலவு குறையுமா என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியவர், கம்பி சூடாவதில் எவ்வளவு ஆற்றல் போகிறது என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தார். கண்ணாடிக் குழாயில் கம்பியைச் சுற்றி, அதனை நீரில் அமிழ்த்தி, மின்னோட்டம் செலுத்தி, நீரின் வெப்பம் எத்தனை பாகை ஏறுகிறது என்று வெப்பமானியில் பார்த்தார். தடை இரு மடங்கானால் வெப்பமும் இரு மடங்கு. ஆனால் ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ஓட்டம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியதே வெப்பம் பிறக்கும் வீதம். 1840 திசம்பரில் இதனை ராயல் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். கழகம் ஒரு சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. முழு உரை அடுத்த ஆண்டு வேறோர் இதழில் வந்தது. அப்பொழுது ஜூலுக்கு வயது இருபத்திரண்டு.

ஓமின் விதியை இதனோடு பொருத்துங்கள். ஓட்டம் பெருக்கல் தடை என்பது மின்னழுத்தம். ஆகவே ஓட்டத்தின் வர்க்கம் பெருக்கல் தடை என்பதும், அழுத்தம் பெருக்கல் ஓட்டம் என்பதும் ஒன்றே. அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தாலும் அதே விடைதான். இங்கேதான் மாணவர்கள் வழக்கமாக ஒரு குழப்பத்துக்கு ஆளாகின்றனர். தடை மிகுந்தால் சூடு மிகும் என்கிறது ஒரு சூத்திரம். தடை மிகுந்தால் சூடு குறையும் என்கிறது மற்றொன்று. எது மெய்? இரண்டும் மெய். எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே கம்பித் தொடரில் ஒரே ஓட்டம் ஓடும்பொழுது தடை மிக்க பகுதியே மிகுதியாகச் சூடாகும். வீட்டிலோ 230 வோல்ட் அழுத்தம் மாறாமல் நிற்கிறது. அங்கே தடை குறைந்த கருவியே மிகுந்த ஓட்டத்தை இழுத்து மிகுந்த சூட்டைத் தரும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏறத்தாழ 4.35 ஆம்பியர் இழுக்கும். அதன் தடை 53 ஓமுக்குச் சற்றுக் குறைவு. பழைய 40 வாட் குண்டு பல்பு 0.17 ஆம்பியரே இழுக்கும். எரியும்பொழுது அதன் தடை 1,300 ஓமுக்கும் மேல். எரியாதபொழுது அதே இழையின் தடை அதில் பத்தில் ஒரு பங்கும் இராது, ஏனெனில் உலோகம் சூடானால் தடை ஏறும். வெப்பநிலை மாறாதிருக்கும் வரையில் என்று ஓமின் விதிக்கு நாம் சேர்த்துச் சொல்லும் நிபந்தனை இதனாலேயே. இன்றைய எல்.இ.டி. விளக்கிற்கு இந்த வகுத்தல் நேரடியாகப் பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்க.

இக்கணக்குகளை மதியாததற்கு உலகம் ஒருமுறை பெரும் விலை கொடுத்தது. 1858 ஆகஸ்டில் அத்லாந்திக் கடலடியில் தந்திக் கம்பி போடப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய நூறு சொல்லுக்குள் அடங்கிய வாழ்த்து போய்ச் சேரப் பதினாறு மணி நேரம் பிடித்தது. பொறுப்பிலிருந்தவர் மருத்துவத்திலிருந்து மின்துறைக்கு வந்தவர். மின்னழுத்தத்தை ஏற்றினால் செய்தி விரையும் என்று கருதி ஏறத்தாழ 2,000 வோல்ட் வரை கொடுத்தார். முன்பே நலிந்திருந்த கம்பியின் உறை அதைத் தாங்கவில்லை. மூன்று வாரத்தில் கம்பி ஊமையாயிற்று. அதன்பின் நடந்த விசாரணையில், அளவைகளே இல்லாமல் ஒரு துறை நடந்துகொண்டிருந்த அவலம் வெளிப்பட்டது. பின்னர் கெல்வின் பிரபுவாகிய வில்லியம் தாம்சனும் மாக்ஸ்வெல்லும் பணியாற்றிய குழு ஒன்று 1861 முதல் தடைக்கு ஒரு நிலையான அளவை உருவாக்க உழைத்தது. 1881இல் பாரிசில் கூடிய அனைத்துலக மாநாடு வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகிய பெயர்களை ஏற்றது. மறு ஆண்டே வில்லியம் சீமென்ஸ் திறனின் அலகுக்கு வாட் என்று பெயரிடலாம் என்றார். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவும் 106.3 செண்டிமீட்டர் நீளமும் உள்ள பாதரசத் தம்பத்தின் தடையே ஓர் ஓம் என்று 1893இல் முடிவாயிற்று. 1980இல் வான் கிளிட்சிங் கண்ட குவாண்டம் விளைவுக்குப் பின்னர் பாதரசமும் தேவையற்றுப்போனது.

எடிசனின் வெற்றியும் இப்பெருக்கலிலும் வகுத்தலிலும் அடங்கியதே. அவருக்கு முன்பிருந்தோர் தடை குறைந்த இழைகளைத் தேடினர். எடிசன் தடை மிகுந்த மெல்லிழையைத் தேடினார். காரணம் விளக்கில் இல்லை, தெருவில் இருந்தது. 100 வாட் விளக்கு ஒன்றை 10 வோல்ட்டில் எரித்தால் 10 ஆம்பியர் வேண்டும். 100 வோல்ட்டில் எரித்தால் 1 ஆம்பியர் போதும். கம்பியின் தடை பத்தில் ஒரு ஓம் என்றால், முன்னதில் கம்பியே 10 வாட்டைச் சூடாக்கித் தின்றுவிடும். பின்னதில் பத்தில் ஒரு வாட்டுதான். இல்லையேல் செம்பை நூறு மடங்கு தடிப்பாகப் போட வேண்டும். அவ்வளவு செம்பு வாங்க யாரால் இயலும்? 1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க்கில் தொடங்கிய அவருடைய மின்நிலையம் 110 வோல்ட்டில் மின்சாரம் வழங்கியது. 1932இல் நீலகிரியின் பைக்காராவில் நீர்மின் நிலையம் தொடங்கி மின்சாரம் சமவெளிக்கு இறங்கி வந்தபொழுதும் இதே கணக்குதான் கம்பிகளின் உயரழுத்தத்தை முடிவு செய்தது. இன்று ஊரின் எல்லையிலுள்ள மின்மாற்றி வரையில் மின்சாரம் 11,000 வோல்ட்டில் வருவதும் இதனாலேதான்.

அந்த மின்மாற்றியிலிருந்து எங்கள் தெரு வெகுதூரத்தில் இருந்தது. என் சிறுவயதில் ஊர்க்கம்பியின் கடைசிக் கம்பம் எங்களுடையது. அந்தி வேளையில் ஊரெல்லாம் விளக்கு எரியும். எங்கள் வீட்டுப் பல்பின் இழை மட்டும் வெந்த மிளகாய்போலச் சிவந்து கிடக்கும். மண்ணெண்ணெய் விளக்கை அணைக்காமலே வைத்திருப்போம். நீங்கள் அதிகம்பேர் விளக்குப் போடுகிறீர்கள், அதனால்தான் என்று சொல்லுவார்கள். எங்கள் பெரியவர்களும் அதனை நம்பினார்கள். உள்ளபடியே எங்கள் வீடுகளில் இருந்தவை வீட்டுக்கொரு 40 வாட் பல்பு.

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் நண்பர் ஒருவரிடம் வோல்ட்மீட்டர் ஒன்றை இரவல் பெற்று, மாலை ஏழு மணிக்கு மின்மாற்றியின் அருகிலிருந்த வீட்டில் அளந்தேன், 228 வோல்ட். கடைசிக் கம்பத்தருகே எங்கள் வீட்டில் அளந்தேன், 168. இடையில் 60 வோல்ட் எங்கே போயிற்று? போகவர உள்ள கம்பியின் தடை ஒன்றரை ஓம் என்றும், ஊர் முழுவதும் சேர்ந்து இழுக்கும் ஓட்டம் 40 ஆம்பியர் என்றும் கொண்டால் கணக்கு நேராகிறது. அந்த 60 வோல்ட்டை 40 ஆம்பியரால் பெருக்கினால் 2,400 வாட். அறுபது வீடுகளுக்கு ஆளுக்கொரு 40 வாட் பல்பு எரியப் போதுமான திறன் மெல்லிய கம்பியில் சூடாகி வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருவிலோ அறுபது வீடுகளே இல்லை.

அதற்கு முன்பும் மனுக்கள் கொடுத்திருந்தோம். அவற்றில் கெஞ்சல் மட்டும் இருந்தது. இம்முறை இரண்டு அளவுகளையும், கம்பங்களின் எண்ணிக்கையையும், இப்பெருக்கலையும் எழுதி, தெருமுனையில் இன்னொரு மின்மாற்றி வைத்தாலன்றி இது தீராது என்று முடித்தேன். சம்பந்தப்பட்ட அலுவலர் அதனைப் படித்துவிட்டு, இதை உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். பத்தாம் வகுப்புப் பாடம் ஐயா என்றேன். பதினொரு மாதங்கள் கழித்து மின்மாற்றி வந்தது. அன்று மாலை ஏழு மணிக்கு மீண்டும் இரவல் வாங்கிய வோல்ட்மீட்டரை எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தேன். 224 காட்டியது. என் தாயார் மண்ணெண்ணெய் விளக்கை எடுத்துத் துடைத்து, பரண்மேல் வைத்தார்.